அமாவாசைன்னா லீவுதானே

எங்கள் இசை விழா இப்போது ஆரணி, காஞ்சிபுரம், வேலூர், சென்னை, பெங்களூர், கோவை, கொச்சி என்று ஊர் ஊராக நடக்கிறது. இந்த வரிசையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். "ஆரணின்னா, புடவை எடுக்கப் போவாங்களே, அந்த ஆரணியா?" அந்த ஆரணிதான். விழா பிறந்ததே அங்கேதான். பிறந்த ஊரையே வரிசையிலிருந்து தூக்கிவிடலாமா என்று போன வருஷம் ஒரு பஞ்சாயத்து நடந்தது. தூக்கலாம் என்ற பக்கம் பெரிய ஊர்கள் அத்தனையும் இருந்தன. கூடாது என்ற பக்கம் நான் இருந்தேன். கூடவே என் நண்பன் ஒருவன், அதுவும் பாதி மனசோடு.

அதைச் சொல்வதற்கு முன்னால் அமாவாசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கலாட்டாவுக்கும் மூலகாரணம் அதுதான்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் சிவப்பு மையில் அச்சடித்த ஒரு நாள், அவ்வளவே. பள்ளிக்கூடம் இருக்காது, தறி இருக்கும். தறிக்கு லீவு அமாவாசையன்று மட்டும்தான். அன்று காலையில் கண் விழித்தால் முதலில் பயமாக இருக்கும், காது போய்விட்டதோ என்று. மற்ற நாளில் எங்கள் தெருவில் பவர்லூம் ஓடும் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. கத்துவார்கள், அல்லது கை காட்டுவார்கள். தறிச் சத்தத்தில் இசை இருக்கிறது, தாளம் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களை ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்க வைக்க நான் தயார். சாப்பாடு இலவசம். தூக்கத்துக்கு மட்டும் பொறுப்பேற்க முடியாது.

கல்லூரி முடிந்த சமயம், பெங்களூரில் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்கு நானும் அந்த நண்பனும் போயிருந்தோம். அவன் ஆரணிக்குப் பக்கத்துக் களம்பூர்க்காரன். வீட்டில் அரிசி மில். எங்கள் கல்லூரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். மில் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று வாசித்தே பழகியதால் மெதுவாக வாசிக்க அவனுக்கு இன்றைக்கும் வராது. கொட்டுகிற மழையில், கணுக்கால் சேற்றில் நின்று கச்சேரி பார்த்துவிட்டு, நனைந்த கோழிகள் மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம ஊர்ல ஒண்ணு போட்டா இன்னா?" என்றேன்.

"யாரு வருவாங்க?"

"நாம வரல? தலைல பிளாஸ்டிக் கவர் போட்டுகினு சேத்துல நிக்கல? நம்மள மாதிரி லூசுங்க ஆரணில நாலு பேர் இருக்க மாட்டாங்களா?"

"லூசுங்க இருப்பாங்க. பாட்டு எப்டி கேக்கும்? உங்க தெருவுல உங்கப்பா பக்கத்துல நின்னு கூப்ட்டாலே உனுக்குக் கேக்காது."

"அமாவாசைல போடுவோம்."

அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது, எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று. அமாவாசையில் தறி ஓடாது. ஆட்கள் வீட்டில் சும்மா இருப்பார்கள். யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் மண்டபம் காலி. சாயங்காலத்துக்கு மேல் பாதி ஊர் மலையனூர் அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிவிடும், அதனால் கச்சேரியைப் பட்டப்பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். ராக் கச்சேரியைக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்த முதல் ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மைக் செட்டுக்கு எங்கள் ஊர் அண்ணன் ஒருவரைப் பிடித்தோம். கோயில், கட்சி, கல்யாணம், சாவு என்று எதையும் விடாதவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை எக்கோ.

"அண்ணா, எக்கோ வேணாங்கண்ணா. இவங்க மெதுவா பாடுறவங்க."

"எக்கோ இல்லாம எப்டிம்மா? சாவுக்கு அறிவிப்பு சொல்றதுன்னாலும் எக்கோ போட்டாதாம்மா செத்தவனுக்கே மரியாதை."

கச்சேரி நாள் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி, கண்ணை மூடிக்கொண்டு காதோடு ரகசியம் சொல்வது போல் பாடுகிறவர். தான் எழுதிய பாட்டில், தன்னந்தனியாக இருக்கிறேன் என்று உருகினார். இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று மண்டபமே வருகைப்பதிவு கொடுத்தது. அவருக்குப் பின்னால் மணமக்கள் உட்காரும் இரண்டு சிம்மாசனங்கள். மேடையோடு சேர்த்து போல்ட் போட்டிருந்ததால் நகர்த்த முடியவில்லை. ஒன்றில் கிட்டார்க்காரர் உட்கார்ந்து வாசித்தார். இன்னொன்று காலியாகவே இருந்தது, மணப்பெண் ஓடிப்போய்விட்ட மாதிரி.

அன்று முதலில், பத்து மணிக்கு வாசித்தது எங்கள் குழுதான். எதிரில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. நாங்கள் மறந்தே போன விஷயம், அமாவாசையன்று படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வைத்து, காக்கா வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். ஊர்க் காக்காக்களுக்கும் அன்று ஏக கிராக்கி. எந்த மாடிக்கு முதலில் போவது என்று அவை யோசித்து முடிக்கிற வரைக்கும் ஜனங்கள் மொட்டை மாடியிலேயே நின்றார்கள். பன்னிரண்டுக்கு மேல் வயிறு நிறைந்து வந்தார்கள், மண்டபமும் நிறைந்தது. முதல் குழு வாசிக்கும் நேரத்துக்கு அன்றே களம்பூர்க்காரன் 'காக்கா ஸ்லாட்' என்று பேர் வைத்துவிட்டான். இன்று கொச்சியில்கூட நிகழ்ச்சிநிரலில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஏதோ தத்துவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வந்தவர்கள் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாடகர் பழக்கதோஷத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "ஆரணி! சத்தம் போடுங்க!" என்று அலறினார். ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் ஒரு நெசவுக்காரர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "நீ பாடுப்பா. மாசம் பூரா சத்தத்துலதான் கீறோம். இன்னைக்கு ஒரு நாள் கேட்டுகினு இருக்கோம்."

அந்தப் பாடகர் பிறகு என்னிடம், தன் பாட்டை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை என்றார். கொஞ்சம் பயமாக இருந்தது என்றும் சொன்னார்.

அடுத்து காஞ்சிபுரம். அதுவும் நெசவு ஊர், அங்கேயும் அமாவாசை லீவு, அங்கேயும் கூட்டம். அடுத்து வேலூர். அந்த மாதம் அமாவாசை தற்செயலாக ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து தொலைத்ததால் கல்லூரிப் பிள்ளைகள் வந்து குவிந்துவிட்டார்கள். மூன்று ஊர், மூன்றும் ஜெயம். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்தது சென்னை என்று முடிவெடுத்தோம். தேதி? அதை யோசிக்கவே இல்லை. அமாவாசை. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

நான் படித்தவள். சென்னையில் ஆபீஸ்கள் செவ்வாய்க்கிழமை திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மூளைக்குத் தெரிந்ததை யாரும் கைக்குச் சொல்லவில்லை. களம்பூர்க்காரனுக்கும் தோன்றவில்லை. மைக் செட் அண்ணனுக்குத் தோன்ற நியாயமே இல்லை. காஞ்சிபுரத்தில் எங்களோடு விழா நடத்திய பையன்களும் சரி சரி என்று தலையாட்டினார்கள். போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'லீவு நாளில் இசை விழா' என்று போட்டது நான்தான்.

அரங்கில் அன்று இருந்தவர்கள் வாசிக்க வந்த குழுக்கள், அவர்களுடைய காதலர், காதலிகள், ஒரு வாட்ச்மேன். ஒரு குழு வாசிக்கும்போது மற்ற குழுக்கள் கை தட்டின. பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். கபடி மாதிரி இருந்தது. மத்தியானம் ஒரு பெண் உள்ளே வந்து, காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். பெங்களூர்த் தமிழச்சி. அங்கே கச்சேரிகள் நடத்துகிறவர். எங்கள் விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பெங்களூருக்கு எடுத்துப் போகலாமா என்று பார்க்க வந்திருந்தார். வேறு நாளே கிடைக்கவில்லை அவருக்கு.

"ஏன் செவ்வாய்க்கிழமை வச்சீங்க?"

"அமாவாசைங்கக்கா."

"அதனால?"

"லீவுங்க."

"யாருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு நொடியில் செவ்வாய்க்கிழமை மொத்தமும் என் தலையில் இறங்கியது. களம்பூர்க்காரன் பக்கத்தில் நின்று, "தறிக்கு" என்றான் மெல்ல.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தார். நாற்காலிக்குத்தான் அங்கே பஞ்சமே இல்லையே. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "இந்த விழாவை நான் எடுத்துக்கறேன். நீங்களும் வேணும். ஆனா காலண்டர உங்க கையில குடுக்க மாட்டேன்."

அப்படித்தான் விழா வளர்ந்தது. சென்னையை மறுபடி ஒரு சனிக்கிழமையில் நடத்தினோம், நிறைந்தது. வேலூர், பெங்களூர், கோவை, கொச்சி, எல்லாம் சனிக்கிழமை. நான் அக்காவோடு வேலைக்குச் சேர்ந்து, எந்தக் குழு எந்த ஊருக்கு எந்தத் தேதியில் என்று போன் போட்டுப் பேசுகிறவளாக ஆனேன். காஞ்சிபுரத்துக்காரர்களும் மெல்லச் சனிக்கிழமைக்கு மாறிவிட்டார்கள். அவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு நல்ல அரங்கு கிடைத்தது. ஆரணி மட்டும் அமாவாசையில் நின்றது.

போன வருஷம் வீடியோ காலில் பஞ்சாயத்து கூடியது. அக்கா நேரடியாகவே விஷயத்துக்கு வந்தார்.

"எல்லா ஊரும் சனிக்கிழமை. ஆரணியும் சனிக்கிழமைன்னா இருக்கலாம். இல்லன்னா இந்த வருஷத்தோட எடுத்துடலாம். வெப்சைட்ல 'விழா தொடங்கிய ஊர்'னு அழகா ஒரு பக்கம் போட்டுக்கலாம்."

"ஃபோட்டோவுக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏத்தலாங்களா?" என்றேன்.

"கோபப்படாத கண்ணா. வார நாள்ல ஒரு ஊர வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு சனிக்கிழமை நடத்திக் காட்டு. யார் வேணாம்னாங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். கோவைக்காரர் ஒருவர், ஆரணி போனால் தன் ஊருக்கு இன்னொரு நாள் கிடைக்குமா என்று கேட்டார். களம்பூர்க்காரன் கேமராவை அணைத்துவிட்டு எனக்கு மட்டும் போன் செய்தான். "உட்டுட்டா இன்னா? நமக்குத்தான் ஆறு ஊரு கீதே?"

"உங்க மில்ல எடுத்துட்டு செய்யாறுல வேற மில்லு தரேன்னா உட்ருவியா?"

"செய்யாறுல நல்ல இடமா?" என்றான் அந்தத் துரோகி.

எனக்கு அது விட முடியாத விஷயமாக இருந்தது. ஊர்ப்பாசம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். ஆரணியை விட்டு ஓடத்தான் என்ஜினியரிங்கே படித்தேன். ஆனால் இந்த வரிசையில் ஆரணி இருப்பது ஒன்றுதான் நானே செய்த காரியம். மற்றதெல்லாம் அக்கா செய்தது. அந்தப் பெயர் போனால் நான் தேதி வாங்கித் தருகிற பெண், அவ்வளவே.

சனிக்கிழமை நடத்த முடியுமா என்று ஊருக்குப் போய்ப் பார்த்தேன். மண்டபத்துக்காரர் சனி, ஞாயிறு எல்லாம் வரவேற்பும் முகூர்த்தமும் என்று கையை விரித்தார். வேறு மண்டபம் எங்கள் தெருவை ஒட்டியது, சுற்றிலும் தறி. அப்பாவிடம் போய் நின்றேன். அவர்தான் எங்கள் தெருத் தறிக்காரர்களில் கொஞ்சம் பேச்சு எடுபடுகிறவர். தறி ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் கத்தினோம்.

"ஒரே ஒரு சனிக்கிழம தறிய நிறுத்தச் சொல்லுங்கப்பா!"

"இன்னாத்துக்கு?"

"பாட்டுக்கு!"

"முகூர்த்தப் புடவ நிக்குது! பொண்ணு மேடைல வந்து நிக்கும்போது பாட்டயா சுத்திகினு நிக்கும்?"

"அப்ப எங்க விழா?"

"அமாவாசைக்குத்தான் நிறுத்துறோமே! அன்னிக்கு வெச்சிக்க வேண்டிதுதான? யாரு உன்ன பேஜார் பண்றது?"

அதற்குமேல் அவரிடம் கத்த எனக்குத் தொண்டை இல்லை.

பெங்களூருக்குத் திரும்பி வழக்கமான வேலையைப் பார்த்தேன். அந்த வருஷம் எல்லோரும் கேட்ட ஒரே குழு சென்னையைச் சேர்ந்தது. பெண் ஒருத்தி பாடுவாள், பறையும் கீபோர்டும் சேர்ந்து வரும். அவர்களைப் பெங்களூர் விழாவுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். போன் போட்டேன். அவர்களுக்காகத் தேதி பார்க்கிற பையன் எடுத்தான்.

"சனிக்கிழமையா? சான்ஸே இல்லக்கா. வருஷம் பூரா சனி, ஞாயிறு போயிடுச்சு. கல்யாணம், மால், கம்பெனி ஃபங்ஷன்னு ஒரே அடி."

"ஒரு சனிக்கிழமகூட இல்லியா?"

"இல்லக்கா. புதன், வியாழன்னா சொல்லுங்க, எல்லாரும் வீட்ல சும்மாதான் படுத்துனு இருக்கோம்."

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு அடுத்த குழுவுக்குப் போட்டேன். சனிக்கிழமை இல்லை. அடுத்தது, இல்லை. மூன்றாவது குழுவின் டிரம்ஸ்காரர், "வார நாள்னா வாசிச்சிட்டே செத்துப்போகக்கூட ரெடி" என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. ஊரில் இருக்கிற நல்ல குழுக்கள் எல்லாம் சனிக்கிழமைக்கு அடித்துக்கொள்கின்றன. புதன்கிழமையைச் சீண்ட ஆளில்லை. புதன்கிழமை கச்சேரி வைக்கிற கிறுக்கர்கள் உலகத்திலேயே ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள்.

காலண்டரைப் பார்த்தேன். அடுத்த அமாவாசை புதன்கிழமை. முதலில் பேசிய பையனை மறுபடி கூப்பிட்டேன்.

"ஆரணி. புதன்கிழம. காலைல ஆரம்பம்."

"காலைலயா? யாருக்கா வருவா?"

"காக்காவ முடிச்சிட்டு எல்லாரும் வருவாங்க."

அவனுக்குப் புரியவில்லை, ஆனால் வருகிறேன் என்றான். அந்த டிரம்ஸ்காரரும் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் ஆரணியின் நிகழ்ச்சிநிரல் பெங்களூரைவிடக் கனமாகிவிட்டது. அதை வெளியிட்ட அன்று அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு டேட் இல்லன்னாங்க. உனக்கு மட்டும் எப்படி வர்றாங்க?"

"நீங்க சனிக்கிழம கேட்டீங்க. நான் புதன்கிழம கேட்டேங்க."

"புதன்கிழமை யார் வருவாங்க?"

"வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறமா தூக்குங்க. நானே எடுத்துக் குடுக்கறேன்."

அவர் வந்தார். முந்தின நாளே வந்து, மைக் செட் அண்ணனோடு எக்கோவுக்காகச் சண்டை போட்டுத் தோற்றுப்போனார். புதன்கிழமை மத்தியானம் மண்டபம் வாசல் வரை நிறைந்தது. ஊர் ஜனம், வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வந்த கல்லூரிக் கூட்டம், செய்யாறில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த பையன்கள். பெங்களூரிலிருந்தும் ஒரு வேன் வந்தது. அதில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆபீஸ் கணக்கில் அன்று வயிற்றுவலி. அவர்களில் ஒருவர் அக்காவைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போனார். அவருடைய மேனேஜர் அக்காவின் கணவராம்.

பறையில் முதல் அடி விழுந்தபோது மண்டபம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது கேட்டது. அந்தப் பெண் பாடி முடிக்கும் வரை ஒருவரும் போனைக்கூட எடுக்கவில்லை. முடிந்ததும் பின்வரிசைப் பாட்டி ஒருவர், "இன்னொண்ணு பாடும்மா, மலையனூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது" என்றார். அவள் இன்னொன்று பாடினாள். அக்கா பக்கச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்களை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தபோது அப்பா வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார், எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. அக்காவுக்கு அறிமுகம் செய்து வைத்தேன். அக்கா கைகூப்பி, மிக மரியாதையாக, பெரிய வரம் தருகிறவர் போலச் சொன்னார்:

"சார், முடிவு பண்ணிட்டோம். ஆரணிய நாங்க லிஸ்ட்லயே வச்சிக்கறோம். அமாவாசையே இருக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உள்ளே குழுக்காரர்கள் பறையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"நீங்க இன்னாம்மா வெச்சிக்கிறது?" என்றார். "நாங்க எங்கியும் போவலியே."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அக்கா என்னிடம் திரும்பி, அவருக்கு இதில் சந்தோஷமா, கோபமா என்று கேட்டார்.

தெரியலைங்கக்கா, அடுத்த அமாவாசைக்கு வருவாரு, அப்ப கேட்டுக்கலாம் என்றேன்.